பழைய பேஸ் கிற்றார்களின் பிக்கப்கள்: பழுதுபார்த்தலும் மாற்றீடும்

இசைக்கருவி ஒன்று பழுதுறுமிடத்து அதனைச் சீர்செய்ய முற்படுவோர் இரு கடமைகளை எதிர்நோக்குகின்றனர். கருவி மீண்டும் ஒலித்தல் வேண்டும் என்பது ஒன்று. அக்கருவி எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதற்கு அது தன்னுள் தாங்கியுள்ள சான்று அழியாதிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரு கடமைகளும் பெரும்பாலும் ஒத்துச் செல்வன, சிலபோது முரண்படுவன. வீணை, வயலின் போன்ற மரக்கருவிகள் பற்றி இவ்வகை ஆராய்வு நெடுங்காலமாக நிகழ்ந்து வந்துள்ளது. ஆனால் மின்னாற்றலின் துணைகொண்டு ஒலிக்கும் கருவிகளும் இன்று பழம்பொருள்களாகிவிட்டன. 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட பேஸ் கிற்றார்கள் அறுபது, எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. அவற்றின் உயிர்நிலை எனத்தக்க உறுப்பு, தந்தியின் அசைவை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் ஆகும். அது மௌனித்துவிடின் அதனைப் புதுப்பிப்பதா, அகற்றி வேறொன்றை வைப்பதா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விருப்பு வெறுப்பினால் அன்றிப் பௌதிகவியல் அறிவினால் விடைகாண முடியும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் ஆக்கிய இரு கருவி வகைகளை நாம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

வரலாற்றுப் பின்னணி

கிற்றாருக்குரிய மின்காந்தப் பிக்கப் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருப்பெற்றது. ஆயினும் இசைக்குழுக்களில் தாழ்சுரங்களை வழங்கிய கருவி அதன் பின்னரும் நெடுநாள் வரை ஆளுயரத்துக்கும் மேற்பட்ட மரப் பேஸாகவே இருந்தது. அதனைச் சுமந்து திரிதல் கடினம். ஏனைய கருவிகள் உரத்து ஒலிக்கையில் அதன் ஒலி அமுங்கிப்போயிற்று. கலிபோர்ணியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரில் தொழிற்கூடம் நடாத்திய லியோ பெண்டர், 1951ஆம் ஆண்டில் பிறிசிசன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டார். விரற்பலகையில் உலோகக் கட்டைகள் பதிக்கப்பட்டிருந்தமையால் சுரத்தானம் பிழையாது வாசிக்கலாம் என்பதே அப்பெயரின் பொருளாகும்.

அதன் முதற் பிக்கப் ஒரே சுருளும் நான்கு காந்தக் கோல்களும் உடையது. 1957ஆம் ஆண்டில் இதன் இடத்தை இரு கூறாகப் பிளந்த பிக்கப் பெற்றது. ஒரு கூறு தாழ்ந்த இரு தந்திகளின் கீழும் மற்றது உயர்ந்த இரு தந்திகளின் கீழும் அமைந்தன. 1960இல் வெளிவந்த ஜாஸ் பேஸ் என்னும் கருவியில் நான்கு தந்திகளுக்கும் பொதுவான இரு பிக்கப்கள் வெவ்வேறு இடங்களில் பொருத்தப்பட்டன. டெற்றோயிற் நகரின் மோற்றவுன் நிறுவன இசைத்தட்டுக்களிற் பெரும்புகழ் பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டுப் பிறிசிசன் பேஸ் ஒன்றையே வாசித்தார். அவர் காலமான 1983ஆம் ஆண்டில், அவரது இறப்புக்குச் சற்று முன்னர் அக்கருவி களவாடப்பட்டது. இத்தகைய கருவிகள் இன்று இசை வரலாற்றின் ஆவணங்களாகவும் மதிக்கப்படுகின்றன.

பிக்கப்பின் அமைப்பு

பெண்டர் பிக்கப்பின் அமைப்பு மிக எளியது. வல்கனைசுப்படுத்திய நாரினாலான இரு மெல்லிய தகடுகள் மேலும் கீழுமாக நிற்கும். அவற்றை இணைக்கும் தூண்கள் போன்று காந்தக் கோல்கள் தகடுகளின் துளைகளில் இறுகச் செருகப்பட்டிருக்கும். இக்கோல்களைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் முறை சுற்றப்படும். கம்பியின் இரு முனைகளும் கீழ்த்தகட்டிலுள்ள உலோகக் கண்வளையங்களிற் பற்றாசு பிடிக்கப்பட்டு, அங்கிருந்து வெளிக்கம்பிகள் செல்லும்.

காந்தக் கோல்கள் அல்னிக்கோ எனப்படும் கலப்புலோகத்தால் ஆனவை. அலுமினியம், நிக்கல், கோபாற்று ஆகியவற்றின் பெயர்களின் முதலெழுத்துக்களால் அமைந்தது அப்பெயர். இரும்பு, நிக்கல், அலுமினியம் சேர்ந்த வலிய காந்தக் கலவையை 1931ஆம் ஆண்டில் யப்பானியரான தொக்குசிச்சி மிசிமா கண்டறிந்தமையே இதற்கு வழிகோலியது. கம்பியோ ஏறத்தாழ 0.063 மில்லிமீற்றர் விட்டமுடையது. இவ்வகைக் கம்பியின் தடை மீற்றருக்கு 5.4 ஓம் அளவினது. பிறிசிசன் பேஸ் பிக்கப்பின் ஒரு கூறு 5,250 ஓம் காட்டுமாயின், அதனுள்ளே ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள கம்பி அடங்கியிருத்தல் வேண்டும் என்பதை எளிதிற் கணித்தறியலாம். அக்கம்பியில் எங்கேனும் ஓரிடத்தில் முறிவு நேர்ந்தாலும் அக்கூறு செயலிழந்துவிடும்.

அக்காலத்திற் சுற்றும் பொறியை மின்னோடி இயக்கினும் கம்பியைச் செலுத்தியவை மனித விரல்களே. 1956ஆம் ஆண்டில் புல்லர்ட்டனில் இத்தொழிலை ஏற்று 2013ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற அபிகேல் இபாரா என்னும் பெண்மணியின் பெயர் இத்துறையினர் நன்கறிந்தது. 1960களின் நடுப்பகுதி தொடக்கம் பல பிக்கப்களின் அடித்தகட்டில் நாளும், சிலவற்றிற் சுற்றியவரின் முதலெழுத்தும் எழுதப்பட்டுள்ளன. எனவே பழைய சுருள் என்பது வெறும் செப்புக் கம்பியன்று. பெயரறியப்படாத தொழிலாளர் பலரின் கைவேலைக்கு எஞ்சியிருக்கும் சான்றுமாகும்.

ஒலியின் தன்மையைத் தீர்மானிப்பவை

காந்தக் கோல் தனக்கு மேலுள்ள உருக்குத் தந்தியின் ஒரு பகுதியைக் காந்தமாக்குகின்றது. தந்தி அதிரும்போது சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறுகின்றது. அம்மாற்றம் 1831ஆம் ஆண்டிற் பரடே கண்டறிந்த விதிப்படி சுருளில் மின்னியக்க விசையைத் தூண்டுகின்றது. சுற்றுக்கள் மிகுந்தால் இவ்விசையும் மிகும். ஆனால் சுற்றுக்கள் மிகுந்தால் சுருளின் தூண்டுதிறனும் மிகும். சுருளின் அடுத்தடுத்த படைகளுக்கிடையே ஒரு கொள்ளளவமும் உண்டு. கருவியையும் விரியலாக்கியையும் இணைக்கும் வடம் இதனுடன் மேலும் கொள்ளளவத்தைச் சேர்க்கின்றது. தூண்டுதிறனும் கொள்ளளவமும் கூடிய இவ்வமைப்பு ஒரு குறித்த மீடிறனிற் பரிவு கொள்ளும். அம்மீடிறனுக்கு அண்மையிலுள்ள ஒலிகள் மேலோங்கி நிற்க, அதற்கு மேற்பட்டவை விரைந்து தேய்வடையும்.

எடுத்துக்காட்டாகத் தூண்டுதிறன் 5 ஹென்றி எனவும், வடத்தையும் உள்ளடக்கிய கொள்ளளவம் 600 பைக்கோபரட் எனவும் கொள்வோம். பரிவு மீடிறன் ஏறத்தாழ 2,900 ஹேட்ஸ் ஆகும். கொள்ளளவம் இருமடங்காயின் அது 2,050 ஹேட்ஸ் அளவுக்கு இறங்கும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேட்ஸ் மீடிறனில் ஒலிப்பினும், அதன் மேற்சுரங்கள் ஆயிரக்கணக்கான ஹேட்ஸ் வரை எழுவன. விரல் தந்தியைத் தீண்டும் ஓசையின் கூர்மையும் ஒலியின் தெளிவும் அம்மேற்சுரங்களிலேயே தங்கியுள்ளன. ஆகவே நீளமான வடத்தை மாற்றுவதாலேயே பிக்கப்பை மாற்றியது போன்ற வேறுபாடு செவிக்குப் புலனாகலாம்.

பழைய பிக்கப்பின் இனிமைக்குக் காந்தம் முதுமையடைந்தமையே காரணம் என்னும் கருத்து பரவலாக உண்டு. அல்னிக்கோக் காந்தம் காலத்தால் மட்டும் பெரிதும் வலுவிழப்பதில்லை. வேறொரு வலிய காந்தத்தின் ஒத்த முனைக்கு அருகில் வைக்கப்பட்டாலோ எதிர்த்திசைக் காந்தப்புலத்துக்கு உட்பட்டாலோதான் அது குறிப்பிடத்தக்க அளவு வலுவிழக்கும். அவ்வாறே தடையின் அளவு ஒன்றைக்கொண்டு ஒலியை மதிப்பிடுதலும் போதாது. தடை என்பது கம்பியின் நீளத்தையும் பருமனையும் வெப்பநிலையையும் பொறுத்தது. செப்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் உயரும். 20 பாகையில் 10,500 ஓம் காட்டும் பிக்கப் 30 பாகையில் 10,900 ஓம் காட்டும். குளிர்நாட்டு நூலொன்றிற் குறித்த அளவுடன் கொழும்பு வெப்பத்தில் எடுத்த அளவை ஒப்பிட்டு, பிக்கப் மாற்றப்பட்டது என்று முடிவுகட்டுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பழுதை அறிதல்

மௌனித்த பிக்கப்கள் அனைத்தும் இறந்த பிக்கப்கள் அல்ல. ஆதலாற் பற்றாசுக் கோலைக் கையில் எடுக்குமுன் அளத்தலே முதற் பணியாகும். ஒரே ஒலியளவுக் கட்டுப்பாடு உடைய பிறிசிசன் பேஸில், அக்கட்டுப்பாட்டை முழுமையாகத் திறந்து, வடத்தின் முனையிற் பல்மானி கொண்டு தடையை அளக்கலாம். 10,000 முதல் 12,000 ஓம் வரை காட்டின் சுருள்கள் தொடர்ச்சியுடையன. 250,000 ஓம் அளவிற் காட்டின் நாம் அளப்பது பிக்கப்பை அன்று. கட்டுப்பாட்டின் மாறுந்தடையையே அளக்கின்றோம். பிக்கப்போ அதனை இணைக்கும் கம்பியோ அறுந்துள்ளது என்பது இதன் பொருள். பூச்சியம் காட்டின் எங்கோ குறுஞ்சுற்று நேர்ந்துள்ளது. முடிவிலி காட்டின் வடத்திலோ செருகியிலோ குறை உண்டு. ஐயம் எழுந்தால் பிக்கப்பின் வெளிக்கம்பியை ஏனைய சுற்றிலிருந்து பிரித்து, கண்வளையங்களிலேயே ஒவ்வொரு கூறையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

சுருள் அறுந்திருந்தும் மெலிந்த, உயர்சுரம் மட்டும் கேட்கும் ஒலி சிலபோது எழுவதுண்டு. அறுந்த இரு துண்டுகளும் தம்மிடையேயுள்ள கொள்ளளவத்தால் இணைந்து செயற்படுவதே இதற்குக் காரணமாகும். மாறாக, தடை ஏறத்தாழச் சரியாக இருந்தும் ஒலி மங்கியிருக்கலாம். சில சுற்றுக்களின் காவலிப் பூச்சு சிதைந்து அவை ஒன்றையொன்று தொட்டுவிடின், அச்சுற்றுக்கள் நிலைமாற்றியொன்றின் குறுஞ்சுற்றாக்கிய துணைச்சுருள் போன்று சத்தியை விழுங்கும். பத்தாயிரத்திற் சில சுற்றுக்கள் தடையிற் காட்டும் வேறுபாடு மிகச் சிறிதாகையால் பல்மானி இக்குறையை எளிதிற் காட்டாது.

இப்பழுதுகள் பெரும்பாலும் ஈரத்தினால் விளைவன. பெண்டர் பிக்கப்களிற் கம்பி காந்தக் கோல்களின் மீதே சுற்றப்பட்டிருப்பதால், கோல் துருப்பிடிக்கும்போது துரு புடைத்து உட்சுற்றுக்களின் பூச்சை அரிக்கின்றது. வாசிப்போரின் வியர்வை கோல்களின் உச்சியினூடாக உட்புகும். பிக்கப்பைத் தந்திநோக்கி உயர்த்துவதற்காக அடியில் வைக்கப்பட்ட பஞ்சணை காலப்போக்கிற் பசையாகவோ தூளாகவோ சிதைந்து ஈரத்தைத் தேக்கி வைக்கும். காந்தக் கோலுக்கும் சுருள்முனைக்கும் இடையே பல்மானியை வைத்து நோக்குதல் இதற்குரிய சோதனையாகும். தொடர்ச்சி காணப்படின் காவலிப் பூச்சு அழிந்துவிட்டது. அக்கோலை விரலால் தொட்டால் இரைச்சல் எழலாம்.

சீர்செய்தலின் படிமுறை

சீர்செய்தலில் ஒரு படிமுறை உண்டு. குறைந்த தலையீட்டிலிருந்து கூடிய தலையீட்டை நோக்கிச் செல்லுதலே நெறி. முதலிற் பழைய வெளிக்கம்பிகளையும் பற்றாசு மூட்டுக்களையும் சோதித்தல் வேண்டும். மூட்டு மங்கிக் களிம்பேறியிருப்பின் அதனை மீளச் சூடாக்குவதாலேயே பிக்கப் உயிர்பெறலாம். கண்வளையத்தில் வெப்பத்தை நீண்ட நேரம் வைத்தலாகாது.

அடுத்து நோக்கவேண்டியது சுருளின் புறமுனை. மெல்லிய கம்பி கண்வளையத்துக்குச் செல்லும் இடத்திலேயே முறிவு நேர்வது மிகுதி. உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியால் வெளிச்சுற்றில் அரைச்சுற்றோ ஒரு சுற்றோ அவிழ்த்து, நுனியின் பூச்சை மெல்ல நீக்கி, மீளப் பற்றாசு பிடிக்கலாம். பல்லாயிரம் சுற்றுக்களில் ஒன்று குறைவதாற் செவி உணரக்கூடிய மாற்றம் நிகழாது. உள்முனை முறிந்திருப்பின் பணி அரிதாகும். ஆயினும் கண்வளையத்தை ஒட்டிய பகுதியில் முறிவு இருப்பின் அதனையும் சிலபோது மீட்கலாம்.

செய்யத்தகாதவையும் சில உள. பெண்டர் பிக்கப்பிற் காந்தக் கோல்களை மேலும் கீழும் தள்ள முயலுதல் கூடாது. கோலுடன் ஒட்டிய உட்சுற்றுக்கள் அறுந்து, நலமாக இருந்த சுருளும் கெடும். சிதைந்த பஞ்சணையை மரக்குச்சியால் சுரண்டி எடுக்கலாமன்றிக் கரைப்பான்களை ஊற்றலாகாது. அவை சுருளின் பூச்சையும் கரைக்கக்கூடும். தளர்ந்த சுற்றுக்கள் விரியலாக்கியின் உரத்த ஒலியில் அதிர்ந்து கீச்சிடுமாயின், பரபின் மெழுகுடன் சிறிது தேன்மெழுகு கலந்து, 65 பாகை செல்சியசு அளவில் நீர்த்தொட்டிச் சூட்டில் உருக்கி, அதில் பிக்கப்பை அமிழ்த்தி எடுப்பர். மெழுகு தீப்பற்றக்கூடியது, நேரடித் தீயில் வைத்தலாகாது. கீச்சொலி இல்லாத பழைய பிக்கப்புக்கு இச்சிகிச்சையும் தேவையற்றதே.

மீளச் சுற்றுதல்

சுருள் நடுவே அரிக்கப்பட்டிருப்பின் அதனை அகற்றி மீளச் சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்நிலையிற் கம்பியை வெட்டி எறிதலே பெருந்தவறு. வெட்டுமுன் அறியத்தக்கவை பல: கம்பியின் பருமன், காவலிப் பூச்சின் வகை, சுற்றிய திசை, சுருளின் புறவடிவம், காந்த முனைகளின் திசை. இறுதியிற் கூறியதைச் சாதாரண திசைகாட்டியால் அறியலாம். அறுந்த கம்பியின் தடையை அளக்க இயலாதாயினும் அதன் நிறையை அளக்க இயலும். மேற்கூறிய பருமனுடைய செப்புக் கம்பி பூச்சு நீங்கலாகக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 28 கிராம் நிறையுடையது. எனவே அகற்றிய கம்பி முழுவதையும் நிறுத்தால் அதன் நீளமும், நீளத்திலிருந்து சுற்றுக்களின் எண்ணிக்கையும் ஓரளவுக்குப் பெறப்படும். பிறிசிசன் பேஸில் ஒரு கூறு மட்டும் பழுதுற்றிருப்பின் நலமுள்ள மறுகூறே சிறந்த மாதிரியாகும். அதனைத் தொடாது விடுதல் வேண்டும்.

சுற்றும் திசை பற்றிய கவனம் இன்றியமையாதது. பிறிசிசன் பேஸின் இரு கூறுகளும் எதிர்த்திசையிற் சுற்றப்பட்டு, எதிர்க் காந்த முனைகளுடன் தொடர்நிலையில் இணைக்கப்பட்டுள்ளன. மின்வழங்கலின் ஆடலோட்டம் அமெரிக்காவில் 60 ஹேட்ஸ், எமது நாட்டில் 50 ஹேட்ஸ் மீடிறனில் எழுப்பும் இரைச்சல் இரு கூறுகளிலும் எதிரெதிராகத் தோன்றி அழிந்துவிட, தந்திகளின் குறிப்பு மட்டும் எஞ்சும். ஒரு கூறைத் தவறான திசையிற் சுற்றி இணைத்தால் இரைச்சல் அழிவதற்குப் பதிலாகக் கூடும். ஆனால் ஒவ்வொரு தந்தியும் ஒரு கூறின் மீதே செல்வதால் ஒலியின் தடிப்புக் குறையாது, தவறு மறைந்திருக்கும். ஜாஸ் பேஸிலோ ஒவ்வொரு தந்தியும் இரு பிக்கப்களின் மீதும் செல்கின்றது. அங்கு அதே தவறு நேரின் இரு குறிப்புக்களும் எதிர் அவத்தையில் மோதி, தாழ்சுரம் தேய்ந்து, மெலிந்த ஒலியே எஞ்சும். ஒரே தவறு இரு கருவிகளில் இருவேறு குறைகளாகத் தோன்றுவதை நோக்குக.

மாற்றீடு

1970களில் லாரி டிமார்சியோ, சீமோர் டங்கன் முதலியோர் மாற்றுப் பிக்கப்களை விற்பனைக்கெனச் செய்யத் தொடங்கினர். கூடிய வலிமையுள்ள ஒலியை நாடியோர் நலமாக இருந்த மூலப் பிக்கப்களையும் கழற்றினர். பெரிய பிக்கப்களைப் பொருத்துவதற்காகக் கருவியின் மரத்தைக் குடைந்தோரும் உளர். அக்காலத்தில் அவை வெறும் பழைய கருவிகளே. அவர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயினும் குடைந்த மரம் மீளாது. எறிந்த பிக்கப்பும் பெரும்பாலும் மீளாது.

மாற்றீடு தன்னளவிற் பிழையானதன்று. நாள்தோறும் மேடையேறும் கலைஞர் ஒருவருக்கு நம்பத்தக்க புதிய பிக்கப் தேவைப்படலாம். அவ்வாறாயின் மரத்தைக் குடையாது பழைய இடத்திலேயே அமையும் அளவினதைத் தேர்தல், பழைய கம்பிகளை வெட்டாது பற்றாசு மூட்டில் கழற்றுதல், கழற்றிய பிக்கப்பை ஈரம்படாது உறையிலிட்டுக் கருவிப் பெட்டியிலேயே வைத்தல் ஆகிய மூன்றும் பேணப்படின் போதும். பின்வருவோர் விரும்பினால் முன்னைய நிலைக்கு மீளலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, புதுப்பித்தலா மாற்றுதலா என்னும் வினா உண்மையில் மீளத்தக்க செயலா மீளாத செயலா என்னும் வினாவாகவே அமைவது புலனாகும். பற்றாசு மூட்டைத் திருத்துதல் மீளத்தக்கது. பிக்கப்பைக் கழற்றிப் பேணுதலும் மீளத்தக்கது. சுருளை வெட்டுதலும் மரத்தைக் குடைதலும் மீளாதவை. முதல்வகைச் செயல்களைத் துணிந்து செய்யலாம். இரண்டாம்வகைச் செயல்களுக்கு முன்னர் அளந்து, ஆராய்ந்து, குறித்து வைத்தல் கடன். சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்போர் மூலத்திற் கண்ட எழுத்தையும் தாம் ஊகித்து நிரப்பிய எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டுவர். மீளச் சுற்றப்பட்ட பிக்கப்பின் அடியிலும் சுற்றிய நாள், கம்பியின் பருமன், சுற்றுக்களின் எண்ணிக்கை என்பவற்றைக் குறித்தல் அத்தகைய நேர்மையே. பழைய கைவேலையைத் தமது கைவேலையால் மறைக்காது, இரண்டையும் தெளிவாகக் காட்டி, கருவியை மீண்டும் ஒலிக்கச் செய்வோரே சிறந்த சீர்செய்வோர் ஆவர்.